அஞ்சறைப் பெட்டி வைத்தியமும் மாசிப் பொங்கலும்

அம்மிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் மிளகு நுணுக்கிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவர் பால்காரர். செம்பில் ஊற்ற வேண்டிய பாலில் பாதியை வாசற்படியில் ஊற்றிவிட்டார்.

“என்ன அப்பு, வீட்ல ஆளு இல்லியா?”

“இருக்கா. படுத்திருக்கா.”

“அப்ப நீங்க என்ன செய்றீக?”

“ரசம் வைக்கப் போறேன்.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே போனதுதான் வினையாகப் போயிற்று. வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் விஷயம் போய்விட்டது. அன்று அவர் பாலை அளந்து ஊற்றினாரோ என்னவோ, இந்தச் செய்தியை அளக்காமல் ஊற்றியிருக்கிறார். கடைவீதியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், “ரசத்துக்குப் புளி எம்புட்டு மாப்ளே?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் அது. அதுவரை நான் அடுப்படிக்குள் போனது தண்ணீர் மோந்து குடிக்க மட்டும்தான். நெருப்பு எனக்குப் புதிது இல்லை. என் பிழைப்பே நெருப்புதான். ஆனால் அது வேறு நெருப்பு.

மலையிலிருந்து இறங்கினேன்

எட்டாம் வகுப்போடு மலையேறியவன் நான். எங்கள் ஊர் போடி. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் எனக்கு வேலை. பறித்து வரும் பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, சூளையில் விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியாகச் சூட்டைச் சுற்றவிட்டு உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். தீ எனக்கு அத்துப்படி. எப்போது விறகு தள்ளுவது, எப்போது இழுப்பது, எப்போது சன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுவது என்று யாரும் சொல்ல வேண்டாம். உலர்ந்த காயை ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினால் உள்ளே விதை பேசும். அந்தப் பேச்சு எனக்குப் புரியும்.

என் மனைவி பொன்னுத்தாய் ராசிங்காபுரத்தில் பிறந்தவள். தூரத்து உறவு, அதனால் கல்யாணத்துக்கு முன்பே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வந்த புதிதில் அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து, இவளுக்கு நடக்கத் தெரியாதோ, ஓட மட்டும்தான் தெரியுமோ என்று நினைப்பேன். குழாயடிக்குப் போய்க் குடம் நிறைத்து வருவதற்குள் அடுப்பில் உலை கொதிக்கும். நான் சனிக்கிழமை மலையிலிருந்து இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலுக்குப் போவோம். திங்கள் விடிய ஜீப்பைப் பிடிப்பேன்.

அப்படி இருந்தவளுக்கு ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. தொண்டையின் இரண்டு பக்கமும் நெறி கட்டியது. கை கால் மூட்டெல்லாம் வலி. கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. அசதி விடவில்லை.

ஒரு நாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டால் அடுத்த மூன்று நாளும் படுக்கை. தூங்கி எழுந்தால், தூங்கப் போகும்போது இருந்ததைவிட அதிகமாக அசந்திருப்பாள். எழுந்து நின்றால் கண் இருட்டும். விடிந்ததும் குமட்டல். இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு தம்மென்று ஆகிவிடும். பாத்திரம் உருண்டால்கூடத் தலையைப் பிடித்துக்கொள்வாள். சொல்ல வந்த சொல் பாதியில் நின்றுவிடும்.

“மாமா, அந்த… அதை எடுங்க.”

“எதை?”

“அதைத்தான்.”

எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் செம்பு, சீப்பு, விசிறி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். கடவுள் புண்ணியத்தில் எங்களுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

போடியில் வைத்தியம் பார்த்தோம். ரயிலேறி மதுரைக்குப் போய்ப் பார்த்தோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்றார் டாக்டர்.

“அப்ப நான் மட்டுந்தான் நல்லா இல்ல போலருக்கு” என்றாள் இவள்.

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். இது நாள்பட்ட சோர்வு நோய், சோம்பலும் இல்லை மனக்கோளாறும் இல்லை என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் சந்திக்கப் பல வருடம் ஆயிற்று. அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாத நோய்க்காரிக்கு ஊரே ஆளுக்கொரு பெயர் வைக்கும்.

தோட்டத்து முதலாளியிடம் சொல்லி, போடியில் இருந்த அவர் சரக்குக் கிட்டங்கியிலேயே காய் தரம் பிரிக்கிற வேலைக்கு மாற்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள்

நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போவது டவுன் பழக்கம். மலைச் சோலிக்காரர்கள் கையில் விளைந்ததைத்தான் கொண்டுவருவார்கள். துண்டு முடிச்சில் ஒரு கை ஏலக்காய், ஒரு கை மிளகு, கொஞ்சம் கிராம்பு, ஒரு துண்டு பட்டை. அதோடு ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவருவார்கள். ஒருவர் மிளகுதான் மருந்து என்பார். அடுத்தவர், “மிளகா? சூடு தலைக்கேறிப் போகும், ஏலக்காயக் குடுங்க” என்பார். மூன்றாமவர் இரண்டையும் தூக்கி எறியச் சொல்லிவிட்டுக் கிராம்பை நீட்டுவார். படுத்திருப்பவளை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும். பொன்னுத்தாய் போர்வைக்குள்ளிருந்து, “வெளிய போயிச் சண்ட போடுங்கப்பா, காது வலிக்கிது” என்பாள்.

எங்கள் வீட்டு அலமாரி மளிகைக் கடை மாதிரி மணத்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருடம் ஏலக்காயோடு புழங்கியும் அதை வாயில் போட்டால் என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு அது லோடு. அவ்வளவுதான்.

அங்கேதான் என் புத்தி ஒரு வேலை செய்தது. ஸ்டோரில் பழகிய புத்தி. காய் பருமனாக இருந்தால் நல்ல காய். நல்ல காய் நிறைய இருந்தால் நல்ல லோடு. எல்லாரும் சொன்னதில் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் போட்டால் நோய் எங்கே நிற்கும்? மிளகு ஒரு கை, கிராம்பு ஒரு கை, சுக்கு, பட்டை, ஏலக்காயில் முதல் தரமாகப் பொறுக்கி ஒரு கை. பெரிய ஏனத்தில் போட்டு, முருகனை வேண்டிக்கொண்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சினேன். தார் மாதிரி வந்தது.

ஒரே மடக்குதான் குடித்தாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.

“அசதி போச்சா?” என்றேன் ஆசையாக.

“அசதி எங்க போச்சு? உசுருதான் போகப் பாத்துச்சு. மாமா, இது கசாயமா, கொள்ளிக்கட்டையா?”

அன்று முழுக்க அவளுக்கு நெஞ்செரிச்சல். எனக்கு வீட்டுக்குள் தலைகாட்ட முடியவில்லை.

கொறச்சு மதி

அந்த வாரச் சந்தை நாளில் குட்டப்பன் வந்தான். எங்கள் தோட்டத்துச் சமையல்காரன், இடுக்கிப் பக்கத்துக்காரன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். அடுப்பில் மிச்சமிருந்த கசாயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

“சேட்டா, இது மருந்தா, பாறைக்கு வைக்கிற வெடியா?”

“எல்லாம் நல்ல சாமான்தான் குட்டப்பா. முதல் தரம்.”

“சாமான் நல்லதுதான். கையிதான் நீளம். கொறச்சு மதி சேட்டா, கொறச்சு மதி.”

கொஞ்சம் போதும் என்று அர்த்தம். “ஒரு நேரம் ஒண்ணு மட்டும் குடு. எது பிடிக்குது, எது பிடிக்கலைன்னு சேச்சிகிட்ட கேளு. ஊராள்கிட்ட கேக்காதே” என்றான். நான் அதுவரை ஊரில் எல்லாரையும் கேட்டிருந்தேன். அவளை மட்டும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அஞ்சறைப் பெட்டியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காலைக் குமட்டலுக்குச் சுக்கும் மல்லி விதையும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு ஒரு டம்ளர். அது கேட்டது. சாப்பிட்டபின் வயிறு உப்பினால் ஓமத்தை வறுத்துப் போட்ட வெந்நீர். அதுவும் கேட்டது. கண் இருட்டினால் சீரகத் தண்ணீரில் உப்பு ஒரு சிட்டிகை. உடம்பு வலி கூடின நாளில் மிளகு ரசம். பூண்டு போட்டால் ஆகாது என்றாள், விட்டுவிட்டேன். கிராம்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தூக்கம் பிடிக்காதபோது ஜாதிக்காயைக் கல்லில் ஓர் உரசு உரசிப் பாலில் கலந்து கொடுப்பேன். ஓர் உரசுதான். கூடினால் தலை சுற்றும், நாக்கு வறளும் என்று குட்டப்பன் எச்சரித்திருந்தான்.

ஏலக்காயா? நாக்குக் கசந்து சோறு இறங்காத நாளில் ஒரே ஒரு காயை வாயில் அடக்கிக்கொள்வாள். “இந்த ஒரு காய்க்குத்தானா மாமா, மலை மலையா ஏறி எறங்குனீக?” என்பாள்.

இதெல்லாம் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அசதி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் குமட்டல் இல்லாத அசதி வேறு, குமட்டலோடு கூடிய அசதி வேறு. சோறு இறங்கியது. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

முருகனுக்கு நன்றி சொல்லப் போனது

தெளிச்சி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவளே எழுந்து குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். முருகன் கண்ணைத் திறந்துவிட்டான், உடனே போய் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று, மலைமேல் இருந்த கோயிலுக்குப் படியேற்றிக் கூட்டிப்போனேன். வருகிற வழியில் சொந்தக்காரர் வீடு இரண்டு. “பாருங்க, எந்திரிச்சுட்டா” என்று பெருமை வேறு.

அடுத்த பதினைந்து நாள் அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரசம் தோற்றது, சுக்கு தோற்றது, எல்லாம் தோற்றது.

கொஞ்சம் பேச முடிந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, ஸ்டோர்ல பச்சக் காயப் போட்டு, வெரசா ஒலரட்டும்னு விறகத் தள்ளு தள்ளுனு தள்ளுனா என்னாகும்?”

“வெடிச்சுப் போகும்.”

“நெறம்?”

“வெளுத்துரும். அப்புறம் எந்தக் கழுத வாங்கும்?”

“சூடு ஏறுனதும் என்ன செய்வீக?”

“விறக இழுத்துட்டு ஆற விடுவோம். அப்புறம் மறுக்கா கொஞ்சம்.”

“காய்க்கு அம்புட்டு நிதானம் குடுக்கிறீக. எனக்கு மட்டும் ஏன் ஒரே தீயாப் போடுறீக?”

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. தெம்பாக இருக்கிற நாளில்தான் அவள் சீக்கிரம் படுப்பாள். ஒரு வேலை, பிறகு படுக்கை; பிறகு இன்னொரு வேலை. கை முடியாமல் போவதற்கு முன்பே நிறுத்திவிடுவாள். அஞ்சறைப் பெட்டிக்கு மேலே இதுதான் பெரிய மருந்து.

பானை ஏறாத வீடு

ஆனால் ஒரு பெண் பகலில் படுத்திருப்பதை ஊர் எப்படிப் பார்க்கும்? ஊரை விடுங்கள். என் அக்கா வீரம்மாள் எப்படிப் பார்ப்பாள்?

அக்கா இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். நாக்குக் கொஞ்சம் காரம். வேறு எந்தக் குறையும் சொல்ல முடியாது.

“ஏன்டா தம்பி, எங்களுக்கெல்லாம் அசதி வந்தா யாரு வந்து ரசம் வச்சுக் குடுத்தா?”

“சொல்லிருந்தா நான் வந்து வச்சிருப்பேன்க்கா.”

“ஆமா, வச்சுக் கிழிச்ச. ஒன் ரசத்தக் குடிச்சாத்தான் எனக்கு அசதி வரும்.”

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, மாசி நெருங்கும்வரை.

மாசி மாதம் எங்கள் பங்காளிகள் எல்லாரும் குலசாமி பேச்சியம்மன் கோயிலில் கூடுவோம். குரங்கணி போகிற வழியில் மாந்தோப்புக்குள் இருக்கிறது. கட்டிடமெல்லாம் பெரிதாக இல்லை. ஒரு பீடம், ஒரு மணி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கையால் புதுப்பானையில் பொங்கல் வைக்க வேண்டும். ஆண்கள் கல் கூட்டலாம், விறகும் தண்ணீரும் கொண்டாந்து போடலாம். அடுப்பைப் பற்றவைத்தபின் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒரு பானைக்கு ஒரு தலைக்கட்டு, அதாவது ஒரு குடும்பம். பானை பொங்கினால்தான் அந்த வீடு கணக்கில் உண்டு. ஒரு வீட்டுப் பானையை இன்னொரு வீட்டுப் பெண் தொட்டால் அந்தப் பானை செல்லாது. என் அக்காவேகூடத் தொட முடியாது. அவள் புருஷன் வீட்டுக்குக் குலசாமி வேறு.

முந்தின மாசியில் எங்கள் பானை ஏறவில்லை. புதுக் காய்ச்சல்காரி என்று விட்டுவிட்டார்கள். இது இரண்டாவது மாசி.

அக்கா வந்து உட்கார்ந்தாள். அன்று அவள் நாக்கில் காரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தம்பி, பங்காளிக பேசிக்கிறாக. ரெண்டாவது மாசியும் ஒன் வீட்டுப் பான ஏறலைன்னா, நம்ம அப்பா வீடு அத்துப் போன மாதிரிடா. அவ அண்ணனுக்குச் சொல்லி விட்டுட்டேன். கோயிலுக்கு வர்றாரு. பொங்க வச்சா சரி. வைக்க முடியலைன்னா அங்க இருந்தே ராசிங்காபுரம் கூட்டிட்டுப் போகட்டும். அவ சொகமா அங்க படுத்துருக்கட்டும். ஒனக்கு வேற பாக்கணும்.”

“அக்கா!”

“நான் பொல்லாதவ இல்லடா. ஒனக்கு யாரு இருக்கா?”

உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. அக்கா போனபிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நான் உன்னை அனுப்பமாட்டேன்” என்றேன்.

“நீங்க அனுப்பமாட்டீக. ஆனா வருசம் பூரா பேச்சுக் கேக்கணும்ல. நான் பொங்க வைக்கிறேன் மாமா. எப்படி வைக்கணும்னு மட்டும் எங்கிட்ட விட்ருங்க.”

எழுவதற்காகப் படுத்தாள்

அதற்குப் பிறகு அவள் ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை. கோலமும் இல்லை, கூட்டலும் இல்லை. தலை வாரிவிடுவதுகூட நான்தான். அந்தச் சடையைக் கண்டு அவளே பயந்துபோனாள். மூன்று வேளையும் என் சமையல். சுக்குத் தண்ணீர், ரசம், ஓம வெந்நீர் என்று காலம் தவறாமல் போயிற்று.

கோயிலுக்கு முந்தின நாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“விடிஞ்சா பொங்க! இவ இன்னும் படுத்துக் கெடக்கா!”

“நாளைக்கு எந்திரிக்கத்தான் மதினி இன்னிக்குப் படுத்திருக்கேன்” என்றாள் பொன்னுத்தாய், கண்ணைத் திறக்காமலே.

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். ‘இதென்ன புதுக் கதை’ என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

கடைசிப் பானை

தோட்டத்து ஜீப்பு ஒன்று குரங்கணிப் பக்கம் போயிற்று. அதில் அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். போய்ச் சேர்ந்ததும் மாமரத்தடியில் அரைமணி நேரம் படுத்துக்கொண்டாள். அவள் அண்ணன் சின்னச்சாமி ராசிங்காபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு முன்னமே வந்திருந்தார். மாட்டை அவிழ்க்காமல் நிறுத்தியிருந்தார். தங்கையை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பத்தான் என்று எனக்குப் புரிந்தது.

“வாங்க மச்சான்.”

“வந்தேன் மாப்ளே.”

பூசாரி கர்ப்பூரம் ஏற்றி முதல் அடுப்பில் தீ வைத்தார். அதிலிருந்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று வரிசையாகத் தீ வந்தது. எங்கள் அடுப்புக் கடைசி. அடுப்புக்கு அருகில் நான் சாக்கை மடித்துப் போட்டிருந்தேன். பொன்னுத்தாய் அதில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பெண்கள் நின்று குனிந்து வேலை செய்ய, இவள் மட்டும் உட்கார்ந்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

எல்லாரும் காய்ந்த தென்னை மட்டையைத் திணித்தார்கள். தீ மரத்தின் உயரத்துக்கு எழும்பியது. பொன்னுத்தாய் இரண்டே இரண்டு சுள்ளியை வைத்தாள். பெரிய தீ என்றால் புகை வரும், புகை பட்டால் அவளுக்குத் தலை சுற்றும். நான் கொடுத்து வைத்திருந்த சீரகத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். இன்னொரு சுள்ளி வைத்தாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே, பானையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

பங்காளிகள் வரிசையில் ஒரு சலசலப்பு.

“படுத்துக்கிட்டுப் பொங்க வைக்கிறத இப்பத்தான்ப்பா பாக்கேன்” என்றது ஒரு குரல்.

முதல் பானை பொங்கியது. குலவை. இரண்டாவது, மூன்றாவது. பிறகு அடுத்தடுத்துப் பொங்கின. குலவைச் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தன. எங்கள் பானையில் மட்டும் ஆவிகூட வரவில்லை.

எல்லாப் பானையும் பொங்காமல் அம்மனுக்குப் படையல் போட முடியாது. படையல் ஆகாமல் யாரும் ஒரு பருக்கை தின்ன முடியாது. ஆக, அத்தனை குடும்பமும் என் பெண்டாட்டியின் இரண்டு சுள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கின. நான் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றேன். ‘ஆத்தா, உனக்குப் பசிக்குமோ என்னவோ, கொஞ்சம் பொறுத்துக்க’ என்றுதான் வேண்டினேன்.

பொன்னுத்தாய் எழுந்தாள். சுள்ளியைத் தள்ளினாள். அரிசி களைந்தாள், உட்கார்ந்தபடியே. மறுபடி படுத்தாள்.

பெரியப்பா முறை வேண்டியவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. “பசியில உசுரு போகுதுப்பா! யாராச்சும் அந்த அடுப்புல ரெண்டு மட்டையத் தள்ளி விடுங்க. என்ன தங்கமா உருக்குறா?”

அவர் மருமகள் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்பைப் பார்த்து நடந்தாள். அவள் கை பட்டால் பானை செல்லாது. நானோ அந்தப் பக்கம் போகக் கூடாது. பொன்னுத்தாய்க்கு எழுந்து மறிக்கத் தெம்பு இல்லை. கையை மட்டும் தூக்கினாள்.

“ஏய்! அங்கனயே நில்லு!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவள் என் அக்கா.

“தொட்ட, கைய முறிச்சுருவேன். அது எந்தம்பி வீட்டுப் பான. அதுல கை வைக்க நீ யாரு?”

“இல்ல மதினி, மாமாவுக்குப் பசி…”

“பசிச்சா மாமரத்துல எல இருக்கு, திங்கச் சொல்லு.”

பெரியப்பா எழுந்தே விட்டார். “ஏ வீரம்மா, நீதானே அவள அனுப்பணும்னு சொன்ன?”

“நான் சொல்லுவேன். அது எங்க வீட்டுச் சோலி. நீங்க அவ பானையத் தொட்டு எங்க அப்பா தலைக்கட்ட அழிக்கப் பாக்காதீக. அவ வைக்கிறா. வைக்கிற வரைக்கும் இருக்க முடிஞ்சவுக இருங்க.”

சொல்லிவிட்டு அடுப்புக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள், இடுப்பில் கையை வைத்து. அவள் நிழல் பொன்னுத்தாயின் மேல் விழுந்தது. அடுப்பைத் தொடவில்லை, பானையைத் தொடவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கீழே பார்த்து அதட்டியது மட்டும் எனக்குக் கேட்டது: “மெதுவா வையி. என்ன அவசரம்? இவுக காத்துக் கெடக்கட்டும்.”

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. முதலில் பானையின் கழுத்தில் ஒரு நுரை தெரிந்தது. பிறகு இரண்டு. பொன்னுத்தாய் முழங்காலை ஊன்றி நிமிர்ந்தாள். வெள்ளை வெளேரென்று பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

முதல் குலவை என் அக்காவுடையது. அவ்வளவு நீளமான குலவையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சுத் திணறி இருமல் வந்து, இருமலுக்குப் பிறகு மறுபடி விட்ட இடத்திலிருந்து குலவை போட்டாள்.

பூசாரி பானைகளை எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் பானையில் விபூதி இட்டார். “எல்லாத் தலைக்கட்டும் வந்தாச்சு” என்றார்.

நான் தோப்புக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வெல்லம்

படையல் முடிந்து எல்லாப் பானையிலிருந்தும் எடுத்துக் கலந்து வைப்பதற்கு முன், அந்தந்த வீட்டுப் பொங்கலை ஆளுக்கொரு கை வாங்கிப் பார்ப்பது வழக்கம். பெரியப்பா எங்களுடையதை வாயில் போட்டார். மெல்வதை நிறுத்தினார்.

“என்னப்பா இது, சர்க்கரப் பொங்கல்னாக. இனிப்பையே காணோம்?”

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். நான் அவள் மடியைப் பார்த்தேன். வெல்லப் பொட்டலம் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அரிசி போட்டாள், பருப்பு போட்டாள், ஏலக்காய் தட்டிப் போட்டாள். வெல்லம் மட்டும் மனதை விட்டுப் போய்விட்டது.

அக்கா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“நல்லாத்தானே இருக்கு! வெல்லம் வேணும்னா வாங்கித் தனியாக் கடிச்சுக்கங்க.”

பொன்னுத்தாய் முதலில் சிரித்தாள். பிறகு சின்னச்சாமி மச்சான் சிரித்தார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மச்சான் அந்த இனிப்பில்லாத பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“நான் எதுக்கு வந்தேன் மாப்ளே?”

“பொங்கல் சாப்பிடத்தான் மச்சான்.”

“அது சரி. அப்ப போயிட்டு வர்றேன்” என்று மாட்டைத் தட்டினார். வண்டியில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பொன்னுத்தாய் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. எழமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். நான் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“எந்திரிச்சாளா?”

“இல்லக்கா. இன்னும் ஒரு வாரம் ஆகும்போல.”

நான் அடுத்த பேச்சுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள், சத்தம் வராமல்.

“கெடக்கட்டும்டா. அவ வீட்ல அவ படுத்திருக்கா. எவன் கேக்கிறது?”